என்னவென்று தெரிந்தால்தானே வாய் திறக்கும்

மருத்துவமனை உணவுப் பிரிவுகளுக்கும் முதியோர் இல்லச் சமையற்கூடங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவியலாளர்களுக்கும், சமையல் மாஸ்டர்களுக்கும், வார்டில் கிண்ணத்தைக் கையில் பிடித்து ஊட்டிவிடுகிற அக்காமார்களுக்கும் வணக்கம்.

மென்று விழுங்க முடியாதவர்களுக்கு நீங்கள் அரைத்துத் தரும் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன். உப்பு குறைவு, ஆறிப்போய் வருகிறது என்று புகார் சொல்ல வரவில்லை. அந்தச் சாப்பாடு கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் பேச வேண்டும். அலங்காரம் பற்றிய பேச்சு என்று தயவுசெய்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு நோயாளி வாயைத் திறப்பாரா, எடை இறங்காமல் தாக்குப்பிடிப்பாரா என்பது வரைக்கும் இந்த விஷயம் போகிறது.

பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், மறதிநோய் முற்றியவர்கள், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள் எனப் பலர் இந்தச் சாப்பாட்டை நம்பி இருக்கிறார்கள். 60 வயது தாண்டியவர்களின் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்பது 2021-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் மதிப்பீடு. அந்தக் கிண்ணம் இனி இன்னும் பல கட்டில்களுக்கு அருகே வரப்போகிறது.

மதியச் சாப்பாடு எப்படித் தயாராகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழைய வெந்த சோறு, பருப்பு, கேரட், கீரை, சில இடங்களில் ஒரு முட்டையும் சேர்த்து எல்லாம் ஒரே மிக்ஸி ஜாருக்குள் போகின்றன. சத்துக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் பச்சையும் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றாக அரைபட்டால் வருவது சேற்று நிறம். மிக்ஸி சுற்றும்போது காற்றும் உள்ளே ஏறுவதால் அந்தச் சேறும் வெளிறிப்போகிறது. அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூன் போட்டு அனுப்புகிறீர்கள். அந்தக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கும் யாராலும், நல்ல கண்ணும் நல்ல மூளையும் உள்ளவராலும்கூட, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு இந்தச் சாப்பாடுதான் வந்தது. வீட்டில் எத்தனை பேர் வந்தாலும் தனி ஆளாக நின்று சமைத்துப் போட்டவர், ரசம் கொதிக்கும் வாசனையை வைத்தே உப்பு சரியா என்று சொல்லக்கூடியவர். கிண்ணம் அருகே வந்ததும் குனிந்து ஒரு முறை பார்ப்பார். அவ்வளவுதான், உதடு இறுகிவிடும். ஸ்பூனால் உதட்டைத் தொட்டாலும் திறக்காது. கேஸ் ஷீட்டில் "உணவை மறுக்கிறார்" என்று எழுதினார்கள். எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கண்ணில் பட்டதை எழுதினார். ஆனால் அந்த வரிக்குப் பிறகு பேச்சு எல்லாம் மூக்கு வழியாக ட்யூப் போடலாமா என்பதைப் பற்றியே இருந்தது. கிண்ணத்தில் இருந்தது அவருக்கு உணவாகத் தெரிந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ட்யூப் தேவைப்படும் நோயாளிகள் உண்டு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், எனக்கு அதில் வாதமே இல்லை. விழுங்கத் தெரிந்தும் வாய் திறக்காதவர்களைப் பற்றித்தான் என் கவலை.

ஊட்டிவிடுபவர்களில் சிலர் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே புரிந்துவைத்திருக்கிறார்கள். அந்த வார்டில் ஒரு வயதான ஆயாம்மா இருந்தார். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு ஊட்டும்போது முதலில் கிண்ணத்தை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டுவார். "பரங்கிக்கா பாட்டி, நெய்யி விட்டிருக்கு, இனிப்பா இருக்கும் பாரு" என்பார். பாட்டி கிண்ணத்தைப் பார்ப்பார், ஆயாம்மா முகத்தைப் பார்ப்பார், வாய் திறக்கும். அடுத்த வாய்க்கு முன்பும் பெயர் சொல்வார். கிண்ணத்தில் இருந்தது என்னவோ எல்லோருக்கும் வந்த அதே கலவைதான். பெயர் மட்டும் கூடுதலாக வந்தது.

இது அன்பால் மட்டும் நடந்த காரியம் என்று நான் முதலில் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தபோது இதற்குப் பின்னால் உறுதியான அறிவியல் இருப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் மார்ட்டின் இயோமன்ஸ் என்ற உளவியலாளர், சமையல் கலைஞர் ஹெஸ்டன் புளூமந்தாலோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார். புகையூட்டிய சால்மன் மீனில் செய்த, உறைய வைத்த ஓர் உணவு. இளஞ்சிவப்பு நிறம், பார்த்தால் ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம் என்று சொல்லிக் கொடுத்தபோது சாப்பிட்டவர்கள் முகம் சுளித்தார்கள், உப்புக் கரிக்கிறது என்றார்கள். அதையே உப்புச் சுவையுள்ள உறைந்த உணவு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது ஏற்றுக்கொண்டார்கள், உப்பும் அவ்வளவு தெரியவில்லை என்றார்கள். பண்டம் ஒன்றுதான். கண் ஒன்றைச் சொல்லி நாக்கு வேறொன்றைக் கண்டால் மூளை அதைத் தப்பான உணவு என்று தள்ளிவிடுகிறது. இப்போது உங்கள் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கண் எதையுமே சொல்வதில்லை. அடுத்து வாய்க்குள் வரப்போவது இனிப்பா, காரமா, பாலா, பருப்பா என்று தெரியாமல், ஏற்கெனவே புரையேறிப் பயந்துபோன ஒருவர் எதை நம்பி வாயைத் திறப்பார்?

கண் நாக்கை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்குப் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை ஒன்று உண்டு, 2001-இல் வெளியானது. மது தயாரிப்புப் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதன் மணத்தை வர்ணிக்கச் சொன்னபோது சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் சொற்களையே எழுதினார்கள். மூக்கையும் நாக்கையும் பழக்கிக்கொண்டிருந்தவர்களே நிறத்தின் பின்னால் போனார்கள். 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வில், மூஸ் எனப்படும் நுரைபோன்ற ஒரே ஸ்ட்ராபெரி இனிப்பை வெள்ளைத் தட்டிலும் கறுப்புத் தட்டிலும் வைத்துக் கொடுத்தபோது, வெள்ளைத் தட்டில் சாப்பிட்டவர்கள் இனிப்பு சுமார் 10 சதவீதம் கூடுதல் என்று மதிப்பிட்டார்கள். சர்க்கரை ஒரு துளியும் கூட்டப்படவில்லை.

இந்தத் துறையில் வெளிவருகிற எல்லாவற்றையும் நம்பிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தட்டின் அளவு, கிண்ணத்தின் அளவு பற்றிப் பேர்பெற்ற ஆய்வுகளைச் செய்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் எழுதிய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டுவிட்டன. 2018-இல் ஒரே நாளில் ஆறு கட்டுரைகளை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் திரும்பப் பெற்றன. அவற்றில் எதையும் ஆதாரமாக நான் இங்கே காட்டவில்லை.

நோயாளிக்குக் கண்ணால் வரும் பலன் ருசியோடு நிற்பதில்லை. இவான் பாவ்லோவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக. உணவு வயிற்றை எட்டாதபடி அறுவை செய்யப்பட்ட நாய்களுக்குக்கூட, உணவைக் கண்டு ஆசைப்பட்டாலே வயிற்றில் செரிமான நீர் சுரந்ததை அவர் காட்டினார். நமக்கும் அப்படித்தான். பார்த்ததும் வாயில் நீர் ஊறுகிறது, வயிறு தயாராகிறது. வயதானவர்களுக்கு, அதுவும் பல மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு, வாய் சாதாரணமாகவே உலர்ந்து கிடக்கும். உமிழ்நீர் இல்லாமல் உணவு உருண்டு தொண்டைக்குப் போகாது. மோப்ப சக்தியும் வயதாக ஆகக் குறைகிறது. அடுப்படி வாசனை எட்டாத நாலாவது மாடி வார்டில், பசியைக் கிளப்ப மிச்சம் இருப்பது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணுக்கு நாம் காட்டுவது சேற்று நிறம்.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு மிக்ஸிகூடத் தேவையில்லை. அல்சைமர் நோய் முற்றினால் பின்னணியிலிருந்து பொருளைப் பிரித்துப் பார்க்கும் திறன் மங்கிவிடுகிறது. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி இருந்தால் தட்டு தெரியும், இட்லி தெரியாது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் முற்றிய ஒன்பது பேரிடம் வெள்ளைத் தட்டு, வெள்ளைக் கோப்பைக்குப் பதிலாக அடர் சிவப்பில் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட அளவு 25 சதவீதமும் குடித்த அளவு 84 சதவீதமும் கூடின. அந்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஒன்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை மறைக்கவில்லை. ஆனால் மறுபடி செய்து பார்த்தபோது அடர் நீலமும் வேலை செய்தது, வெளிர் சிவப்பும் வெளிர் நீலமும் செய்யவில்லை. சிவப்பில் மந்திரம் இல்லை, உணவுக்கும் தட்டுக்கும் இடையே நிற வித்தியாசம் பளிச்சென்று இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம்.

நம் ஊர் எவர்சில்வருக்கு இன்னொரு குறையும் உண்டு. ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். கிண்ணத்தின் உள்சுவரில் சாப்பாட்டின் நிழலே பிரதிபலித்து விளிம்பு எங்கே, உணவு எங்கே என்று குழப்பும். கண்புரை உள்ளவருக்கு அது வெறும் பளபளப்பு. கழுவ எளிது, உடையாது, நூறு வருஷம் உழைக்கும் என்பதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் மறதிநோயாளிக்கு அது ஏற்ற பாத்திரமா என்று ஒரு முறை யோசியுங்கள்.

வாழையிலையில் வெள்ளைச் சோற்றைப் போட்டுப் பாருங்கள். பச்சையின் மேல் வெள்ளை எவ்வளவு தெளிவாக எழுந்து நிற்கிறது! இலையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு, கூட்டு பொரியலோடு கலப்பதில்லை, ஊறுகாய் பாயசத்தோடு சேர்வதில்லை. எதை எப்போது எடுப்பது என்று சாப்பிடுபவர் கண்ணாலேயே முடிவுசெய்கிறார். எழுபது வருஷம் இப்படிச் சாப்பிட்டுப் பழகிய ஒருவருக்கு, எல்லாவற்றையும் ஒரே குழம்பாக்கிக் கொடுத்து, ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று நாம் கேட்கிறோம். அரைத்த உணவையும் ஒரு துண்டு இலை விரித்த தட்டில் தனித்தனியாக வைக்க முடியும். விசேஷ நாளில் மட்டுமாவது செய்யுங்கள். அன்றைக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று எடுத்து எழுதியும் வையுங்கள்.

இன்னொன்று, இது பக்கவாத வார்டுக்காரர்களுக்கு. மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு, கண் நன்றாக இருந்தும், இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதே மனசில் பதியாது. தட்டின் வலப் பாதியைச் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு இடப் பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். "பாதி சாப்பிட்டார், போதுமென்கிறார்" என்று குறிப்பு எழுதப்படும். தட்டை அரைவட்டம் திருப்பி வையுங்கள், மிச்சத்தையும் சாப்பிடுவார். இதற்குக் காசு செலவில்லை, ஆர்டர் தேவையில்லை, இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலேயே தொடங்கலாம். மிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் ஊட்டுபவருக்கு இருந்தால் போதும். எழுபது எண்பது வயதுக்காரர்களின் மூக்குக்கண்ணாடி பெரும்பாலும் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரிலோ மகளின் கைப்பையிலோ இருக்கும். சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்து மாட்டிவிடச் சொல்லுங்கள். சாய்ந்து படுத்திருப்பவருக்கு மேலே ஓடும் ஃபேன்தான் தெரியும், கிண்ணம் தெரியாது. நிமிர்த்தி உட்காரவைத்தால் புரையேறும் ஆபத்தும் குறைகிறது, கிண்ணமும் கண்ணில் படுகிறது.

இனி சமையற்கட்டுக்கு வருகிறேன். மாஸ்டர்களுக்குச் சமையல் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அத்தை வீட்டுக்கு வந்தபிறகு தினமும் இதைச் செய்து பார்த்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல முடியும்.

முதல் வேண்டுகோள், எல்லாவற்றையும் சேர்த்து அரைக்காதீர்கள். மூன்றே மூன்று தனித்தனியாக இருந்தால் போதும்: சோறும் பருப்பும் ஒன்று, மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு காய், பச்சை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மிக்ஸியைக் கழுவ நேரம் இல்லை என்பீர்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்தால் நடுவில் ஜாரை வழித்து எடுத்தாலே போதும். சோறு, பிறகு பரங்கிக்காய், பிறகு கீரை, கடைசியில் பீட்ரூட். கேரட்டும் பரங்கியும் எவ்வளவு வெந்தாலும் நிறம் விடுவதில்லை, அதனால் அவற்றை நம்பலாம். கீரைதான் சண்டித்தனம் செய்யும். மூடி போட்டு வேகவைத்தாலோ புளி சேர்த்தாலோ, பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் அமிலத்தால் கழன்று, இலை காக்கி நிறத்துக்குப் போய்விடும். திறந்த பாத்திரத்தில், கொதிக்கிற நீரில், குறைந்த நேரம் வேகவைத்து அரைத்தால் பச்சை நிற்கும். நிறத்துக்காகச் சமையல் சோடா போட வேண்டாம், தயாமின் (வைட்டமின் பி1) சத்து அழிந்துவிடும். பீட்ரூட்டுக்கு நேர்மாறு: ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் சிவப்பு நிலைக்கும்.

சோற்றை மிக்ஸியில் தனியாக அரைத்தால் பசையாகிவிடும். அது பார்வைக்கும் கேடு, தொண்டைக்கும் ஆபத்து, ஏனென்றால் ஒட்டும் உணவு அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்து, கொஞ்சம் நெய்யும் விட்டால் அந்தப் பசைத்தன்மை குறைகிறது, வெளிர் மஞ்சளில் ஒரு நிறமும் வருகிறது. ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும், ஸ்பூனில் ஒட்டக்கூடாது. முள்கரண்டியில் எடுத்தால் மேலே குவிந்து நிற்க வேண்டும், இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கக்கூடாது. இவை விழுங்கல் சிக்கலுக்காக உலக அளவில் வகுக்கப்பட்ட ஐ.டி.டி.எஸ்.ஐ. தரவரிசையில் நான்காம் நிலைக்கான சோதனைகள். 0 முதல் 7 வரை நிலைகள் இருக்கின்றன. எந்த நோயாளிக்கு எந்த நிலை என்பதை பேச்சோடு விழுங்கலையும் சோதித்துப் பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்ட்தான் முடிவுசெய்வார். கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று அந்த நிலையை ஒருபோதும் மாற்றக்கூடாது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

அதனால்தான் மேலே கொத்தமல்லி தூவாதீர்கள், முந்திரி பதிக்காதீர்கள். தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் இவர்களுக்கு விஷமாகிவிடும். தாளிப்பின் வாசனை வேண்டுமென்றால் நெய்யில் தாளித்து, அந்த நெய்யை மட்டும் வடிகட்டி, பரிமாறும்போது அரை ஸ்பூன் ஊற்றுங்கள். மஞ்சள் பரங்கிக் குவியலின் மேல் நெய் பளபளவென்று வழியும்போது அது உண்மையிலேயே சாப்பாடாகத் தெரியும். உருவத்தில் நிற்கவேண்டும் என்று கடல்பாசி (அகர் அகர்) சேர்ப்பவர்கள் உண்டு. அது வாயில் சிறு சிறு துண்டுகளாக உடையும், சிலருக்கு அது புரையேறும். ஜெலட்டின் வாய்ச் சூட்டில் உருகித் தண்ணீராகிவிடும். இரண்டையும் தெரபிஸ்டைக் கேட்காமல் தொட வேண்டாம். ஐஸ்கிரீம் கரண்டியால் அள்ளிக் குவித்து வைத்தாலே ஓர் உருவம் வந்துவிடும்.

நிறம் நிறம் என்று நான் சொல்வதைக் கேட்டு யாரும் கேசரிப் பவுடர் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. ரோடமின்-பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சாயம் கண்ணை ஏமாற்றும். நான் கேட்பது, காய்க்குத் தன் நிறத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு.

ஊட்டும் ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் திரும்பத் திரும்பப் போடும்போது நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உமிழ்நீரில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். கெட்டியாக இருந்த குவியல் பாதிச் சாப்பாட்டில் தளர்ந்து, ஓரத்தில் தண்ணீர் விட்டு நிற்கும். பார்க்கவும் நன்றாயிருக்காது, விழுங்கவும் பாதுகாப்பில்லை. எனவே கிண்ணத்திலிருந்து எடுக்க ஒரு ஸ்பூன், ஊட்ட ஒரு ஸ்பூன். மூன்று அறை பிரித்த தட்டாக இருந்தால் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் தப்பிக்கும்.

ஜப்பானில் இதை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். ஹிரோஷிமா மாகாணத்தின் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில், காயை உறையவைத்து, உருகவைத்து, நொதியை உள்ளே ஏற்றி, வடிவம் கலையாமல் நாக்காலேயே நசுக்கும் அளவுக்கு மென்மையாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தட்டில் இருப்பது கேரட் துண்டு, அதன் நிறமும் விளிம்பும் அப்படியே இருக்கும், நாக்கை வைத்து அழுத்தினால் கரைந்துவிடும். எளிதாகக் கடிக்கலாம், ஈறால் நசுக்கலாம், நாக்கால் நசுக்கலாம், கடிக்கவே வேண்டாம் என்று நான்கு வகையாகக் குறியிட்டு அங்கே கடைகளில் விற்கிறார்கள். வயதானவர் தான் சாப்பிடுவது என்னவென்று தெரிந்து சாப்பிட வேண்டும் என்பதை அந்த நாட்டில் ஒரு தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். நம் பொறியியல் கல்லூரிகளிலும் மனையியல் கல்லூரிகளிலும் எத்தனையோ பேர் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். இட்லியும் வெண்டைக்காயும் வாழைத்தண்டும் அப்படி வர முடியுமா என்று யாராவது முயன்று பார்க்கட்டும். அது வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆள் பற்றாக்குறை உங்களுக்கு இருக்கிறது என்று தெரியும். அரசு மருத்துவமனைச் சமையற்கட்டில் ஒரு வேளைக்கு எத்தனை பேருக்குப் பொங்கி இறக்குகிறீர்கள் என்பதும் தெரியும். அந்தக் கூட்டத்தில் அரைத்த உணவு வாங்குபவர்கள் ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்குக்குப் பொதுச் சமையலிலிருந்தே எடுக்கலாம். மிளகாயும் கடுகும் விழுவதற்கு முன் வெந்த காயிலும் பருப்பிலும் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தால் கூடுதல் உலை வைக்க வேண்டாம். முதியோர் இல்லங்களுக்கு இது இன்னும் எளிது, ஆள் குறைவு, ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்கும் என்று சமையல்கார அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

அத்தை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். அடர் நீலத் தட்டு, அதில் மூன்று குவியல். பரங்கியைத்தான் முதலில் பார்ப்பார். பீட்ரூட் அவருக்கு முன்பும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது, அதைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மறுப்பை நான் மதிக்கிறேன், எதை வேண்டாம் என்கிறார் என்று அவருக்கும் எனக்கும் தெரிகிறது. எல்லாம் ஒரே கிண்ணத்தில் இருந்தபோது பீட்ரூட்டுக்காகச் சோற்றையும் பருப்பையும் சேர்த்தே இழந்துகொண்டிருந்தார்.

உங்களிடம் நான் கேட்பது இவைதாம். அடுத்த முறை தட்டு, கிண்ணம் வாங்க டெண்டர் விடும்போது, நரம்பியல் வார்டுக்கும் முதியோர் வார்டுக்கும் மட்டுமாவது அடர் நிறத்தில், அறை பிரித்த தட்டு என்று ஒரு வரி சேருங்கள். டயட் ஷீட்டில் "அரைத்த உணவு" என்று ஒற்றைச் சொல்லாக எழுதாமல், அன்றைக்கு அரைத்தது எது எது என்று பெயர் எழுதி ட்ரேயோடு அனுப்புங்கள், ஊட்டுபவர் அதைப் படித்துச் சொல்லட்டும். உணவை மறுக்கிறார் என்று எழுத நேர்ந்தால், அவருக்கு முன்னால் என்ன வைக்கப்பட்டது, கண்ணாடி போட்டிருந்தாரா, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரா, பெயர் சொல்லப்பட்டதா என்பதையும் அதே வரிக்குக் கீழே எழுதுங்கள். ட்யூப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

இதை உங்கள் சமையற்கட்டில் ஒரு வாரம் செய்து பார்க்க விரும்பினால், அரைப்பதற்கும் எடுத்து வைப்பதற்கும் கூட நின்று உதவ நான் வரத் தயார். என்னைப் போல வீட்டில் இதைச் செய்துவரும் பலரும் வருவார்கள்.

இப்படிக்கு,
மாமியாருக்கு மூன்று வேளையும் ஊட்டிவிடும் ஒரு மருமகள்